அஞ்சலைக்கு நான் போட்ட சைபர்

போன மாதம் ஒரு இளைஞர் என்னைத் தேடி வந்தார். ஐஸ்கிரீம் கம்பெனி ஒன்றில் பெரிய உத்தியோகமாம். கையில் சிலேட்டுப் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அவர்கள் கம்பெனி ஆண்டு மலருக்குப் பழைய ஆட்களின் அனுபவம் வேண்டுமாம். "சார், நீங்க அறுபது வருஷத்துக்கு முன்னாடியே பாண்டிச்சேரியில கஸ்டமர் வேல்யூ போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்களுக்கெல்லாம் நீங்கதான் சார் முன்னோடி" என்றார்.

பலகையைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயருக்கும் எதிரே ஓர் எண். அந்த ஆள் இன்னும் எத்தனை வருஷம் நம்மிடம் வாங்குவார், மொத்தத்தில் அவரால் நமக்கு எவ்வளவு என்பதை அது சொல்கிறதாம். எண் பெரிதாக இருந்தால் அவர் போன் செய்ததும் முதல் மணியிலேயே எடுப்பார்கள். சிறிதாக இருந்தால் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இதை அவர் பெருமையாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். முன்னோடி என்றாரே, அது பொய்யில்லை. அதனால்தான் அப்படிச் சுட்டிருக்கிறது. சரி, கேட்டார், எழுதித் தருகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

1955-இல் எனக்கு இருபது வயது. வில்லியனூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, அதில் சாப்பிட ஆட்கள் அதிகம் இருந்தார்கள். வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட முடியவில்லை. பாண்டிச்சேரி உப்பளம் பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கம்பெனியில் எனக்கு கேட் குமாஸ்தா வேலை கிடைத்தது. தகரப் பெட்டிகளில் தண்ணீர் ஊற்றி உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். ஒரு பகல் ஒரு ராத்திரி கழித்துத் தூக்கி, சாதாத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் கட்டி வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதற்கு 'பார்' என்று பெயர். அதன் மேல் நெல் உமியைக் கொட்டி மூடி வைப்போம். விடியற்காலை நாலரைக்கு கேட்டைத் திறந்து, யார் வந்தார், எத்தனை பார் எடுத்தார் என்று கேட் நோட்டில் எழுதுவது என் வேலை. முதல் இரண்டு வருஷம் எழுதினேன், கை மரத்துப்போனது, வேலை பிடிபட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மானேஜர் பெயர் அந்துவான். நாங்கள் முசியே என்போம், பிரெஞ்சில் 'ஐயா' மாதிரி. தமிழர்தான், ஆனால் பிரெஞ்சுக் கம்பெனியில் தொழில் படித்தவர். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் டை, மே மாத வெயிலிலும் அதைத் தளர்த்தமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. எதற்கும் முதலில் "போன்" என்பார். 'சரி, ஆகட்டும்' என்று அர்த்தம். தினம் ஒரு டம்ளர் எலுமிச்சை ரசம் குடிப்பார், அதில் ஐஸ் போடமாட்டார், பல் கூசுமாம். கூலியாட்களைக்கூட "நீங்கள்" என்றுதான் சொல்வார். அந்த மரியாதையைப் பார்த்து நான் சொக்கிப்போயிருந்தேன். மீன்காரப் பெண்கள் கேட்டுக்கு வந்தால் மட்டும் அவர் அவர்களை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டார். என் பக்கம் திரும்பி, "அவர்களிடம் சொல்லுங்கள்" என்பார். அவர்கள் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். அதிலிருந்த அசிங்கம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

1957-இல், கோடைக்கு முன்னால், என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். புது நோட்டு ஒன்று மேசை மேல் இருந்தது. அவரே அடிக்கோல் வைத்து ஐந்து கட்டம் போட்டிருந்தார்.

"வாங்குகிறவர் எல்லாரும் ஒன்று என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க முசியே" என்றேன். கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

"போன். அப்படியானால் யார் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது வலேர் நோட்டு. ஒருவருடைய மதிப்பு என்ன என்பது இதில் இருக்கும்."

முதல் கட்டத்தில் பெயர், வீடு. இரண்டாவதில் வாரத்துக்கு எத்தனை பார். மூன்றாவதில் வருஷத்தில் எத்தனை வாரம். நான்காவதில் இன்னும் எத்தனை வருஷம் நம்மிடம் வாங்குவார். இந்த மூன்றையும் பெருக்க வேண்டும். ஐந்தாவது கட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'தொல்லை'. கட்டி உடைந்திருக்கிறது என்று சண்டை போடுகிறவர், கேட்டில் நின்று கதை பேசுகிற வேலைக்காரனை அனுப்புகிறவர், இவர்களுக்குக் கால் பங்கு கழித்துவிட வேண்டும். மிஞ்சுவது அந்த ஆளுடைய வலேர். ரூபாயில் இல்லை, ஐஸில். இந்த வீடு மூவாயிரம் பார், அந்த வீடு எண்ணூறு பார் என்று மனிதர்களைச் சொல்லப் பழகினோம்.

நான்காவது கட்டம்தான் எங்கள் வித்தை. ஒருவர் எத்தனை வருஷம் இருப்பார் என்று எப்படித் தெரியும்? முசியே வழி சொல்லிக்கொடுத்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்த சொல்தா வீடா? அப்படியானால் பென்ஷன் உண்டு, அவர் போனாலும் மனைவிக்கு வரும், இருபது வருஷம் போடு. பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறானா? இன்னும் ஐந்து சேர். ஐஸ் பெட்டியின் தகரம் துருப்பிடித்தும் மாற்றாமல் இருக்கிறார்களா? ஐந்து குறை. சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிக்கிறார்களா, வராந்தாவில் எத்தனை நாற்காலி, விருந்தாளி வருகிறார்களா, எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. என்னை சைக்கிளில் அனுப்புவார். வெள்ளைக்காரத் தெருக்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சைக்கிள் செயினைக் கழற்றி மாட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பேன். ஒரு வீட்டுக் கிழவருக்கு இருமல் வந்ததைக் கேட்டுவிட்டு வந்து இரண்டு வருஷம் குறைத்திருக்கிறேன். முசியே என்னைத் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாதத்துக்கு எட்டு நாளுக்குக் குறைவாக வருகிறவர்களுக்கு ஒரு விதி இருந்தது. அவர்கள் வழிப்போக்கர்கள். அவர்களைக் கடைசிப் பக்கத்தில் எழுதி, வருஷக் கட்டத்தில் சைபர் போட வேண்டும். எதைச் சைபரால் பெருக்கினாலும் சைபர்தானே. வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள் பதினொரு பேர் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். கேட் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். செல்லி, மாதத்துக்கு மூன்று நாள். பூங்காவனம், மூன்று நாள். அஞ்சலை, மூன்று நாள். வரிசையாகப் பதினொரு சைபர் போட்டேன். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்று வட்ட வட்டமாகப் போட்டேன்.

இப்படியே மூன்று வருஷம். 1960-இல், மாசி மாதக் கடைசியில் ஒரு நாள், அஞ்சலை ஐஸ் எடுக்க வந்தாள். நாற்பது வயதிருக்கும், உயரமானவள், பேச்சில் சுற்றி வளைக்கமாட்டாள். அவள் கொண்டுவந்த தள்ளுவண்டியை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். வலது சக்கரத்தில் உடைந்த ஆரத்தை மீன்வலைக் கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தது. முந்தின நாள் பூங்காவனம் கொண்டுவந்ததும் அதே வண்டி. அதற்கு முந்தின நாள் செல்லியும் அதைத்தான் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இந்தாம்மா, இது யாரு வண்டி?" என்று கேட்டேன்.

"எங்க வண்டிதான்."

"எங்கன்னா?"

"பதினோரு பேருக்கும். தெனம் ஒருத்தி மொறை. இன்னிக்கி நானு, நாளைக்கி ராசாத்தி." இதுகூடவா தெரியாது என்பது போல என்னைப் பார்த்தாள். "எல்லாரும் இங்க வந்து நின்னா கரையில ஏலம் எடுக்கறது யாரு தம்பி? ஒருத்தி ஐஸுக்கு வருவா, அவ மீனையும் சேத்து மத்தவங்க எடுத்து வெப்பாங்க. பொட்டி கட்டி காலை ரயில்ல விழுப்பொரம் போவுது. அஞ்சு வருஷமா போவுது. நீதான எழுதற, ஒனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியவில்லை. தினம் இரண்டு பார், மழையானாலும் வெயிலானாலும் படகு போகிற நாளெல்லாம் இரண்டு பார், ஐந்து வருஷமாக. என் வலேர் நோட்டின் முதல் பெயர் ஒரு கிளப். அவர்கள் கோடையில் மட்டும் வாரத்துக்குப் பத்து பார் எடுத்தார்கள். இந்தப் பெண்கள் வாரத்துக்குப் பதினாலு. கம்பெனியின் ஆகப் பெரிய வாடிக்கையைப் பதினொரு துண்டாக வெட்டிக் கடைசிப் பக்கத்தில் போட்டுவைத்திருந்தேன். முறை வைத்து வந்தார்கள் என்பதுதான் அவர்கள் செய்த குற்றம்.

அன்றே முசியேயிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பென்சிலைச் சீவிக்கொண்டே, "சுவாரசியமாக இருக்கிறது" என்றார். "ஆனால் வாடிக்கையாளர் யார்? எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்?"

"அஞ்சலைன்னு ஒரு அம்மா இருக்காங்க முசியே. அவங்க பேர்ல எழுதிடலாம்."

"படகு கவிழ்ந்தால்? ஒருத்திக்கொருத்தி சண்டை வந்தால்? அவர்களுக்கு எத்தனை வருஷம் போடுவீர்கள்?"

"அஞ்சு வருஷமா வர்றாங்களே."

"அது வந்தது. நான் கேட்பது இனிமேல் வருவதை." சீவிய பென்சிலை வைத்தார். "போன். அடுத்த வருஷப் பட்டியலில் பார்க்கலாம்."

அந்த ஆனி மாதம் என் வேலையை நிரந்தரம் செய்வதாக இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அடுத்த முறை அஞ்சலை வந்தபோது பெரிய மனிதன் மாதிரி, "உங்க பதினோரு பேரும் ஒண்ணுன்னு முசியே கிட்ட சொல்லிட்டேன். ஒங்க ஐஸுக்கு நான் பொறுப்பு" என்றேன். சொன்னது நிஜம்தானே என்று எனக்கு நானே சமாதானம். அவள் முகம் மலர்ந்துபோய், இடுப்பில் செருகியிருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து எனக்குக் கொடுத்தாள். குப்பத்துக்குப் போய் மற்ற பத்துப் பேரிடமும், "நம்ம பேரு நோட்டுல ஏறிடிச்சி, கணக்குத் தம்பி வாக்கு குடுத்திருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அதை நம்பி விழுப்புரத்து வியாபாரிக்குக் கோடை முழுவதும் ஒரு நாள் விடாமல் மீன் அனுப்புவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு புதுப் பெட்டிகள் செய்யச் சொன்னதும் அவள்தான்.

சித்திரை கடைசியில் பெரிய எஞ்சின் உடைந்தது. சாமான் கடல் தாண்டி வர வேண்டும், அதற்குப் புது அரசாங்கத்தில் அனுமதி வாங்க வேண்டும். சின்ன எஞ்சினில் மூன்றில் ஒரு பங்குகூட உறையவில்லை. முசியே கலங்கவில்லை. இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி வலேர் நோட்டை எடுத்தார். "மேலிருந்து கொடுத்துக்கொண்டே வாருங்கள். தீர்ந்த இடத்தில் நிறுத்துங்கள்" என்றார். மூன்றாவது பக்கத்திலேயே தீர்ந்தது.

முதல் நாள் உடைந்த சில்லுகளை உமியோடு அள்ளி அந்தப் பெண்களின் வண்டியில் போட்டுவிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே செய்ததை முசியே பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் விடியலில் நாற்காலியைக் கொண்டுவந்து கேட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று பதினொரு பேரும் வந்தார்கள். ஐந்து வருஷத்தில் அவர்களை ஒன்றாக அன்றுதான் பார்த்தேன். முன்னால் அஞ்சலை, பின்னால் அந்த வண்டி. "தம்பி, சில்லு பத்தாது. நேத்தே பொட்டி வேர்த்துப்போச்சி. ரெண்டு பாரு வேணும்" என்றாள்.

நான் முசியேயைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "அவர்களிடம் சொல்லுங்கள், பட்டியல்படிதான் கொடுக்க முடியும்" என்றார்.

"எங்க பேரு பட்டியல்ல கீதே!" என்றாள் அஞ்சலை. அவருக்குச் சொல்லாமல் எனக்கே சொன்னாள், அவர் செய்கிற மாதிரியே. "தம்பி, நீ சொல்லு. இந்த வண்டி தெனம் இங்க வருதா, இல்லியா?"

அப்போது ஒரு வீட்டு வேலைக்காரன் இரண்டு பாரைச் சாக்கில் சுற்றி ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் அன்று விருந்து, பாட்டில்களைக் குளிர வைக்க வேண்டும். அந்த வீட்டுக்கு நான் இருபத்திரண்டு வருஷம் போட்டிருந்தேன்.

முசியே அமைதியாக, "நோட்டில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள்" என்றார்.

என் கையில் வலேர் நோட்டு. என் கக்கத்தில் கேட் நோட்டு. கேட் நோட்டைத் திறந்து, ஒன்றாம் தேதி இவள், இரண்டாம் தேதி அவள் என்று வாசித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அங்கே நின்ற எல்லாருக்கும் விளங்கியிருக்கும். நான் வலேர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வாசித்தேன்.

"அஞ்சலை. மாசத்துக்கு மூணு நாள். வருஷம், சைபர்."

ஒரு எழுத்து பொய்யில்லை. அந்த மாதிரி ஒரு பொய்யை என் ஆயுளில் வேறு எப்போதும் நான் சொன்னதில்லை.

பின்னாலிருந்து செல்லி, "இன்னாடி இது? பேரு ஏறிடிச்சின்ன. வாக்கு குடுத்திருக்குன்ன" என்றாள். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் அடுத்த பெயரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

அன்றைய மீன் ஐஸ் இல்லாமலே ரயில் ஏறியது. கத்திரி வெயில். விழுப்புரத்தில் பெட்டியைத் திறந்த வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் கொட்டச் சொல்லிவிட்டானாம். மறுநாளும் அப்படியே ஆனது. மூன்றாம் நாள் அவன் கடலூர்க்காரர்களிடம் போய்விட்டான். எஞ்சின் சரியாகி முழு ஐஸ் வந்தபோது அந்தப் பெண்களுக்கு ஐஸ் தேவைப்படவில்லை. ஐந்து வருஷம் கட்டி வளர்த்த விழுப்புரம் வியாபாரம் போய், பழையபடி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார்கள். மீன் அழுகியதைவிட அவர்களுக்கு ஆறாதது, அஞ்சலை பொய் சொல்லிவிட்டாள் என்பது. ஏறாத பெயரை ஏறியதாகச் சொல்லி எல்லாரையும் கெடுத்தாள் என்று அவளை முறையிலிருந்து நீக்கினார்கள். கரையில் ஏலத்துக்கு அவளைக் கூட்டுச் சேர்ப்பதில்லை. அவள் தனியாகக் கருவாடு போட்டுப் பிழைத்தாள். இதெல்லாம் ரிக்‌ஷாக்காரர்கள் வழியாக என் காதுக்கு வந்தது. ஆனி மாதம் என் வேலை நிரந்தரமானது. முசியே கைகுலுக்கினார். நானும் குலுக்கினேன்.

இனிமேல்தான் வயிறு எரிகிற விஷயம். 1962-இல் பாண்டிச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்கிற ஒப்பந்தம் முழுசாக நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், பிரான்ஸா இந்தியாவா என்று ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் வலேர் நோட்டின் முதல் பக்கம் மூட்டை கட்ட ஆரம்பித்தது. இருபது வருஷம் போட்ட சொல்தா வீடு கப்பல் ஏறியது. விருந்துக்கு இரண்டு பார் எடுத்த இருபத்திரண்டு வருஷ வீடு, வாசலில் பூட்டு. பிள்ளை பிரெஞ்சு படிக்கிறான் என்று ஐந்து கூட்டினோமே, அந்தப் படிப்புக்காகத்தான் போனார்கள். நாங்கள் எதையெல்லாம் பார்த்து இவர்கள் இருப்பார்கள் என்று எழுதினோமோ, அதெல்லாம் அவர்கள் போவதற்கான அடையாளம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மானேஜரும் ஒரு குமாஸ்தாவும் ஐந்து வருஷம் சைக்கிள் மிதித்தோம்.

கடைசியில் முசியேயும் போனார். வலேர் நோட்டை என்னிடம் கொடுத்து, "ஒழுங்காகப் பராமரியுங்கள்" என்றார். டை அப்போதும் தளரவில்லை. எங்கள் கணக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். "நல்லபடியா போய்ட்டு வாங்க முசியே" என்றுதான் சொன்னேன்.

உமிக்கு அடியில் ஐஸ் கரைந்து வாய்க்காலில் ஓடியது. வாங்க ஆளில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மீன்காரங்க தெனம் ரெண்டு பார் எடுத்தாங்களாமே, போய் அழைச்சிக்கிட்டு வா" என்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுக்கு யாரும் ஒரு கட்டிகூடத் தரவில்லை. இப்போது அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

போனேன். 1960-ஆம் வருஷ கேட் நோட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்தேன் என்று அப்போது எனக்கே தெளிவில்லை. வைத்திக்குப்பத்துக் கரையில் ஏலம் முடிந்து பெண்கள் கூடையில் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி அஞ்சலை தனியாகக் குந்தி, மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

"அக்கா" என்றேன். அதுவரைக்கும் "இந்தாம்மா"தான். "எவ்ளோ ஐஸ் வேணும்னாலும் எடுத்துக்கலாம். மொதலாளி சொல்லி அனுப்பினாரு."

"ஏன், அந்தத் தொரைங்க கப்பல் ஏறிட்டாங்களா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் கண் என் கையிலிருந்த நோட்டுக்குப் போனது. "அது இன்னா? அன்னிக்கி வாசிச்சியே, அதா?"

"இல்லக்கா. இது வேற. இது கேட் நோட்டு. தெனம் யாரு வந்தாங்கன்னு எழுதினது."

அவள் கையைத் தட்டி மணலை உதறிவிட்டு எழுந்தாள். இரண்டு வருஷமாகத் தன்னோடு பேசாத பெண்கள் பக்கம் திரும்பி, கரை முழுக்கக் கேட்கிற குரலில், "ஏய் செல்லி! பூங்காவனம்! எல்லாரும் வாங்கடி இங்க!" என்றாள். வந்தார்கள். கோபத்தோடு வந்தார்கள், ஆனால் வந்தார்கள். அவள் என்னிடம், "இப்ப வாசி. முழுசா வாசி" என்றாள்.

நான் நின்றுகொண்டே வாசித்தேன். உடைந்த எஞ்சினுக்கு முந்தின மாதம்.

"ஒண்ணாம் தேதி செல்லி, ரெண்டு பார். ரெண்டாம் தேதி பூங்காவனம், ரெண்டு பார். மூணாம் தேதி அஞ்சலை, ரெண்டு பார். நாலாம் தேதி ராசாத்தி, ரெண்டு பார்."

பன்னிரண்டாம் தேதி மறுபடியும் செல்லியின் பெயர் வந்தபோது யாரோ, "ஐயோ" என்றார்கள். நான் நிறுத்தவில்லை. முப்பதாம் தேதி வரை வாசித்தேன். ஒரு நாள் விட்டுப்போகவில்லை. வாசித்து முடித்துவிட்டுச் சொன்னேன்: "அஞ்சலை அக்கா பொய் சொல்லல. நான் வாக்கு குடுத்தேன். அன்னிக்கி இந்த நோட்டு என் கக்கத்துல இருந்திச்சி. நான் தெறக்கல."

செல்லி என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். மணலில்தான் துப்பினாள், ஆனால் எனக்குத்தான். அப்புறம் அஞ்சலையிடம் போய், அவள் கையிலிருந்த கருவாட்டுத் தட்டை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து ராசாத்திதான், "ஐஸு வந்தா விழுப்பொரத்துல கேட்டுப் பாக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். "யாரு மொறை நாளைக்கி?"

"யாரும் போவ வேணாம்" என்றாள் அஞ்சலை. "அவன் கொண்டாரட்டும்."

முதலாளியிடம் நான் அனுமதி கேட்கவில்லை. மறுநாள் விடியலில் இரண்டு பாரைக் கைவண்டியில் ஏற்றி, உமி போட்டு, சாக்கை நனைத்து மூடி, உப்பளத்திலிருந்து வைத்திக்குப்பம் வரைக்கும் நானே தள்ளிக்கொண்டு போனேன். மணல் தொடங்கும் இடத்தில் சக்கரம் புதைந்துகொண்டது. யாரும் கை கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது. அஞ்சலை பெட்டிகளைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் செய்யச் சொன்ன அந்த நான்கு பெட்டிகள்தான்.

கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தாள். "தெனம் கொண்டாருவியா?" என்று கேட்டாள்.

"கொண்டாரேன் அக்கா."

"எத்தினி வருஷம்?"

அத்தனை பேருக்கு வருஷம் போட்டவன் நான். எனக்கு எத்தனை போடுவது என்று தெரியவில்லை. அவள் ஐஸை உடைக்க உளியை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கி வா" என்றாள். "அப்பறம் பாக்கலாம்."